இது இசைதானா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பல்கலைக்கழகத்திற் பயிலும் என் தமக்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். விறாந்தைச் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்தபடி, தன் கைத்தொலைபேசியில் ஏதோ மேனாட்டு வாத்திய இசையை ஒலிக்கவிட்டு, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். கூடத்திற் பூத்தொடுத்துக்கொண்டிருந்த என் தாயார் சற்று நேரம் செவி சாய்த்துக் கேட்டார். பின்பு, "ஆர் மோனை அழுகிறது?" என்று வினவினார்.

"ஒருத்தரும் அழேல்லை ஆச்சி. இது ஜாஸ்."

"என்னவோ, ஆரோ மனிசி ஒருத்தி குழறுகிற மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்தார்.

நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஆனால், சிரித்து முடித்ததும் நான் ஆச்சியின் கட்சிக்கே போய்ச் சேர்ந்தேன். கர்நாடக சங்கீதத்தில் ஓரளவு கேள்வி ஞானம் உடையவன் நான். மேனாட்டுச் சாஸ்திரீய இசையிலும் சிறிது பழக்கம் உண்டு. அந்தச் செவிக்கு அவ்வொலி ஒழுங்கில்லாத ஓசையாகவே பட்டது. "தம்பி, இது இசையில்லை" என்று சற்றுக் கண்டிப்பாகவே சொன்னேன்.

அவன் கோபிக்கவில்லை. "மாமா, பிடிக்கேல்லையெண்டு சொல்லுங்கோ. இசையில்லையெண்டு மட்டும் சொல்லாதையுங்கோ" என்றான்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. பிடிக்கவில்லை என்பது என்னைப் பற்றிய செய்தி. இசையில்லை என்பதோ மற்றொருவரது வாழ்நாள் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு. வழக்கைக் கேளாமல் தீர்ப்புக் கூறுவது எந்த ஊர் நீதி? ஆகவே, அவன் ஊர் திரும்பிய பின்பும் பல நாள் அந்த இசையை மீண்டும் மீண்டும் கேட்டேன். அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன். வாசகர்களே, அதன் பயனே இவ்வாரத்துக் கட்டுரை.

ஓர் இரவு, ஒரு சிறு மதுச்சாலை

வழக்கு முதன்முதலில் விசாரணைக்கு வந்த இடம் நியூயோர்க் நகரம். நாள், 1959ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆந் தேதி. மன்ஹற்றன் தீவின் தென்பகுதியில், கூப்பர் சதுக்கத்தின் 5ஆம் இலக்கத்தில் 'பைவ் ஸ்பொட்' என்றொரு மதுச்சாலை இருந்தது. டெர்மினி சகோதரர் இருவர் அதனை நடத்திவந்தனர். அயலிற் குடியிருந்த ஓவியரும் எழுத்தாளரும் மலிவாகப் பியர் அருந்திப் பேசிக்கொண்டிருக்கும் இடம் அது. 1957இல், தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதை, ஜோன் கோல்ட்ரேன் என்னும் சாக்ஸபோன் வித்துவானைத் துணையாகக் கொண்டு மாதக்கணக்கில் அங்கே வாசித்தார். அதுமுதல், புதிய ஜாஸ் கேட்க விரும்புவோர் தேடிச் செல்லும் சந்நிதியாயிற்று அந்தச் சிறு கூடம்.

அந்த நவம்பர் மாதத்தில் இரண்டு குழுவினர் அங்கே மாறிமாறி மேடையேறினர். ஒன்று ஆறு பேர் கொண்ட 'ஜாஸ்டெற்' என்னும் குழு. ஒழுங்காக எழுதி அமைத்த உருப்படிகளை மெருகு குலையாமல் வாசிப்பவர்கள். மற்றது நால்வர் குழு. அதன் தலைவர் ஓர்னெற் கோல்மன், வயது 29. மற்றை மூவரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞர். டொன் செரியின் கையில் விளையாட்டுப் பொருள்போலக் குறுகியதொரு ட்ரம்பெட். சார்லி ஹேடனிடம் ஆளுயரமான பாஸ் என்னும் தந்தி வாத்தியம். பில்லி ஹிக்கின்ஸ் டிறம்ஸ் வாசிப்பவர். தலைவர் ஊதிய சாக்ஸபோனோ பித்தளையால் ஆனதன்று. வெள்ளை நிறப் பிளாஸ்டிக்கினால் ஆனது! மேடையில் பியானோ இல்லை. அக்காலத்து ஜாஸ் ரசிகருக்கு அது தம்புரா இல்லாத கச்சேரிபோலத் தோன்றியிருக்கும்.

சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் இணைந்து ஒரு மெட்டை மின்னல் வேகத்தில் ஊதி முடித்தன. அதன்பின் வழக்கமான பாதையை விட்டு நால்வரும் விலகினர். கேட்டோரிற் சிலர் தம்மை மறந்தனர்; சிலர் எழுந்து வெளியேறினர்; சிலர் பரிகாசம் செய்தனர். இரண்டு வாரத்துக்கென ஒப்பந்தமான கச்சேரி, ஊரெங்கும் எழுந்த வாக்குவாதத்தினால் ஏறத்தாழப் பத்து வாரம் நீடித்தது. ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒரே கூடத்தில் தோளோடு தோள் உரச நின்று கேட்டனர்.

கட்டு என்பது யாது?

அவர்கள் விட்டு விலகிய பாதை எது என்பதை விளங்கிக்கொள்ள, ஜாஸ் இசையின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் கச்சேரிகளில் மனோதர்மம் எவ்வாறு உயிரோ, அவ்வாறே ஜாஸ் இசைக்கும் அவ்வப்போது பிறக்கும் கற்பனையே உயிர். எனினும், எந்தக் கற்பனைக்கும் ஒரு கட்டு உண்டு. நம் ஆலாபனையில் தாளக் கட்டு இல்லை. இராகக் கட்டு உண்டு. கற்பனாசுரத்திலோ இராகத்தோடு தாளமும் எடுப்பும் கட்டுகளாகச் சேர்ந்துகொள்கின்றன. எத்தனை தூரம் பறந்தாலும் எடுப்பில் வந்து இறங்கியே ஆகவேண்டும். இறங்கும் அழகைக் கண்டே நாம் தலையசைக்கிறோம்.

ஜாஸ் இசையின் கட்டு வேறு வகையானது. சில சுரங்களை ஒருங்கே ஒலித்தாற் பிறக்கும் கூட்டொலிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரும்பாலும் 32 அட்சரக் கட்டங்கள் கொண்ட ஒரு வட்டமாக அவை அமையும். அந்த வட்டம் மீண்டும் மீண்டும் சுழலும். பியானோக்காரர் அவ்வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்க, வாசிப்பவர் ஒவ்வொரு கூட்டொலிக்கும் பொருந்தும் சுரங்களைத் தேர்ந்து கற்பனை செய்வார். 1940களில் சார்லி பார்க்கர் முதலியோர் இவ்வித்தையை வியக்கத்தக்க வேகத்துக்கு உயர்த்தினர். 1959 மே மாதத் தொடக்கத்தில் கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்னும் உருப்படியைப் பதிவு செய்தபோது அது உச்சியைத் தொட்டது. அதிற் கூட்டொலிகள் மூச்சுவிட இடமின்றி மாறுகின்றன. பயிற்சியின் உச்சம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால், உச்சிக்குப் போனவனுக்கு அடுத்த அடி எங்கே?

அதே மே மாதம் 22ஆந் தேதி, அதே அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காக, ஹொலிவூட் நகரில் கோல்மன் தம் குழுவினருடன் ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். அதிற் சுழலும் வட்டம் இல்லை. மெட்டு ஒன்று உண்டு; அதை இருவரும் சேர்ந்து வாசிப்பர்; முடிவில் மீண்டும் அதற்கே திரும்புவர். இடையில் எந்தச் சுரத்துக்குப் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பனவற்றை முன்கூட்டியே விதித்த சட்டம் இல்லை. மெட்டின் மனநிலையே வழிகாட்டி. அருகில் நிற்பவர் அந்தக் கணத்தில் என்ன வாசிக்கிறார் என்பதே சட்டம். நவம்பரில் நியூயோர்க் கேட்டது இந்த இசையைத்தான்.

உடைந்த வாத்தியமும் பிளாஸ்டிக் வாத்தியமும்

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? கோல்மன் 1930இல் டெக்ஸாஸ் மாநிலத்தின் போர்ட் வேர்த் நகரிற் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பதின்ம வயதில் ஒரு சாக்ஸபோன் கைக்கு வந்தது. ஆசிரியர் வைத்துக்கொள்ள வசதியில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தாமே கற்றார். சுரங்களின் பெயர்களிற் சிலவற்றைத் தவறாக விளங்கிக்கொண்டு நெடுநாள் வாசித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தவறு என்று பிறர் காட்டியபோது திருத்திக்கொண்டார். ஆயினும், ஒரே ஒலியை வேறு கோணங்களிலிருந்து கேட்கலாம் என்ற எண்ணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

ஊர் ஊராகச் செல்லும் நடன வாத்தியக் குழுக்களிற் சேர்ந்து பிழைத்தார். 1949இல், லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில், நடனக் கூடத்துக்கு வெளியே சிலர் அவரை அடித்து வீழ்த்தினர்; அவருடைய சாக்ஸபோனையும் உடைத்தெறிந்தனர். அவர் வாசித்த விதம் பிடிக்கவில்லை என்பதற்காக! கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் பள்ளிக்கூடமும் பேருந்து ஆசனமும் வெவ்வேறாக இருந்த காலம் அது. அடிபட்டவன் முறையிடப் போகத்தக்க வாசல்கள் அதிகம் இல்லை.

பின்பு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்து, ஒரு பெரிய கடையில் மின்தூக்கி இயக்கும் வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்த வேளைகளிற் சங்கீத இலக்கணப் புத்தகங்களைப் படித்தார். இரவில் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு மேடைகளைத் தேடிப் போவார். அவர் ஏறியதும் மற்றவர்கள் இறங்கிப் போய்விடுவதும் உண்டு. 1954இல் வாத்தியம் வாங்க நேர்ந்தபோது பித்தளைக் கருவிக்குப் பணம் போதவில்லை; இங்கிலாந்திற் செய்யப்பட்ட 'கிராப்டன்' என்னும் பிளாஸ்டிக் சாக்ஸபோனை வாங்கினார். முதலில் அதனை விரும்பவில்லை. நாட்போக்கில் அதன் வறண்ட ஒலி மனிதக் குரலுக்கு அண்மையில் இருப்பதாக உணர்ந்தார். வறுமை தந்த கருவியே அவருடைய அடையாளமாயிற்று.

குரல் என்று சொன்னேன். இங்கேதான் நம்மவர் செவிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பியானோவின் சுரங்கள் படிக்கட்டுகள் போன்றவை. படிக்கும் படிக்கும் இடையே நிற்க இடமில்லை. கோல்மன் அந்த இடையிலேயே நின்று ஊதினார். துக்கம் என்றால் சுரம் சற்றுத் தாழும். மகிழ்ச்சி என்றால் சற்று ஏறும். இதனைச் சுருதி பிசகியது என்றனர் அமெரிக்க விமரிசகர் பலர். கமகத்தில் வளர்ந்த நமக்கோ, சுரம் அசைவது அதிசயமன்று. அவர் அசைத்த முறை நம் முறையன்று என்பது உண்மை. எனினும், அசைந்த சுரமெல்லாம் பிழை என்று சொல்லத் தமிழ்ச் செவிக்கு உரிமை குறைவு!

வாதியும் பிரதிவாதியும்

எதிர்த்தவர்கள் அறிவிலிகள் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ரோய் எல்ட்ரிஜ் என்னும் முதிர்ந்த ட்ரம்பெட் வித்துவான் பலமுறை கேட்டுப் பார்த்து, இது ஏமாற்று என்ற முடிவுக்கே வந்தார். மைல்ஸ் டேவிஸ், இப்படி வாசிப்பவரின் மனநிலையையே ஐயுற்றுப் பேசினார்; பிற்காலத்தில் அக்கருத்தைத் தளர்த்திக்கொண்டார். இத்தனைக்கும் அதே 1959இல் வெளியான தம் 'கைன்ட் ஒப் புளூ' இசைத்தட்டில் கூட்டொலிகளைக் குறைத்து, இசைக்கு மூச்சுவிட இடம் தேடியவர் டேவிஸ்!

அவர்களுடைய கோபத்தின் காரணத்தை நாம் எளிதில் உணரலாம். ஒருவர் இருபது முப்பது ஆண்டுகள் விரல் தேயச் சாதகம் செய்து ஒரு வித்தையை அடைகிறார். அந்த வித்தை இல்லாமலும் இசை உண்டு என்று ஓர் இளைஞன் வந்து காட்டினால், அவருடைய உழைப்புக்கு என்ன பொருள்? அன்றியும், கட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் வல்லவனையும் வாய்வீச்சுக்காரனையும் எப்படிப் பிரித்தறிவது? இது நேர்மையான கேள்வி. இன்றளவும் முற்றாகத் தீராத கேள்வியுங்கூட.

மறுபக்கத்திலும் பெரியோர் இருந்தனர். மொடேர்ன் ஜாஸ் குவார்ட்டெற் குழுவின் ஜோன் லூயிஸ், 1959 கோடையில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் லெனொக்ஸ் ஜாஸ் பள்ளிக்குக் கோல்மனையும் செரியையும் வரவழைத்தார். நியூயோர்க் பில்ஹார்மொனிக் குழுவின் இசை இயக்குநர் லெனார்ட் பேர்ன்ஸ்டைன், பைவ் ஸ்பொட்டுக்கு நேரில் வந்து கேட்டு மனமாரப் புகழ்ந்தார். எல்லாரினும் வியப்புக்குரியவர் கோல்ட்ரேன். கட்டுள்ள இசையின் உச்சியில் நின்ற அவரே, இளையவர் என்று பாராமல் கோல்மனிடம் கேட்டுக் கற்றார். 1960இல் கோல்மனின் குழுவினரோடு சேர்ந்து பதிவும் செய்தார். 1967இல் கோல்ட்ரேன் மறைந்தபோது அவருடைய இறுதிச் சடங்கில் வாசித்தவர்களுள் ஒருவர் கோல்மன். வித்தையிற் பெரியவர் தம் வித்தைக்கு அப்பாலும் செவிகொடுப்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

கட்டவிழ்ந்தபின் எஞ்சியது

எங்கள் விறாந்தையில் அன்று ஒலித்தது, மே 22இற் பதிவான அந்த இசைத்தட்டின் முதல் உருப்படி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுவது. அதனை இருபது முறையாவது கேட்டிருப்பேன். முதல் ஐந்து முறையும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

ஆறாம் முறை, சாக்ஸபோனை விட்டுவிட்டு டிறம்ஸை மாத்திரம் கேட்டேன். ஹிக்கின்ஸ் மிக விரைந்த ஒரு நடையை, ஓசை அதிகமின்றி, நீர் ஓடுவதுபோல ஓடவிடுகிறார். தாளம் இருக்கிறது! ஒழுங்கே இல்லை என்று நான் சொன்னது பிழை. ஏழாம் முறை பாஸைக் கேட்டேன். ஹேடன் ஓடவில்லை, கனத்த தந்திகளை ஒன்றுசேர மீட்டி, ஆழத்தில் நிற்கிறார். ஏறத்தாழ நமது தம்புராவைப்போல. இந்த ஹேடன் குழந்தைப் பருவத்திலேயே தம் குடும்பத்தாருடன் வானொலியில் நாட்டுப்பாடல் பாடியவர். பதினைந்து வயதில் இளம்பிள்ளை வாதம் குரலைத் தாக்கியதால் பாட்டை விட்டு வாத்தியத்தை நாடியவர். பாட முடியாமற் போனவரின் பாட்டு அந்தத் தந்திகளில் இருக்கிறது.

இவ்விரண்டையும் பிடித்துக்கொண்டபின் மெட்டைக் கேட்டேன். அடியில் நீர் விரைந்து ஓட, அதன்மேல் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் மிக மெதுவாக, ஓட்டத்தோடு ஒட்டாமல் மிதந்து வருகின்றன. சந்தடி மிகுந்த தெருவில் ஒருவர் மட்டும் தனியே அசையாது நிற்பதுபோன்ற காட்சி அது. இருவரும் ஒரே மெட்டை வாசித்தாலும் ஒரே கணத்திற் சுரத்தைத் தொடுவதில்லை. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு, இழைபோல் முன்னும் பின்னுமாக வருகின்றனர். பியானோ இல்லாத காரணம் அப்பொழுதே எனக்குத் துலங்கிற்று. நிற்கவேண்டிய இடத்தை முன்கூட்டியே சொல்ல அங்கே ஆளில்லை; ஆகவே நால்வரும் ஒருவரையொருவர் கேட்டே தீரவேண்டும்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கட்டை அவிழ்ப்பதால் இசைவாணரின் சுமை குறைவதில்லை, கூடுகிறது. விதி தாங்கிய பாரத்தை இப்பொழுது செவி தாங்குகிறது. தாளக்கட்டோ கூட்டொலி வட்டமோ இருந்தால், அருகில் இருப்பவரைக் கேளாதவர்கூட ஓரளவு தப்பிப் பிழைக்கலாம். அவை இல்லாதபோது, கேளாதவர் ஒருவர் இருந்தாலே யாவும் சிதறிப்போகும். அந்த மேடையில் சுதந்திரம் என்பது நினைத்ததைச் செய்தல் அன்று. பிறரைக் கேட்டுத் தன் அடியைத் தானே தீர்மானித்தல்.

இன்றைய மாலைகள்

பைவ் ஸ்பொட் இன்று இல்லை. 1962இல் வேறு கட்டடத்துக்கு மாறி, பின்பு மூடப்பட்டது. ஆனால் அன்று திறந்த கதவு மூடப்படவில்லை. 1960 டிசம்பர் 21ஆந் தேதி கோல்மன் எண்மரை இரு நால்வர் குழுக்களாக நிறுத்தி, 37 நிமிடம் இடைவிடாமல் வாசிக்கச் செய்து பதிவாக்கினார். ஒரு குழுவின் ஒலி இடக்காதுக்கு, மற்றதன் ஒலி வலக்காதுக்கு. அந்த இசைத்தட்டின் பெயராகிய 'பிறீ ஜாஸ்', அஃதாவது கட்டற்ற ஜாஸ், ஒரு மரபுக்கே பெயராயிற்று. 1965இல் சிக்காகோவின் கறுப்பினக் கலைஞர்கள் தமக்கென ஒரு சங்கம் நிறுவி, பிறர் மேடைக்குக் காத்திராமல் தாமே கச்சேரிகளை நடத்தினர். 1968இல் பேர்லின் நகரத்து இளைஞர், அங்கு நடைபெறும் பெரிய ஜாஸ் விழாவுக்கு எதிராகத் தமது விழாவைத் தொடங்கினர். 2005இல் நியூயோர்க்கில் ஜோன் சோர்ன் 'த ஸ்டோன்' என்னும் சிறு அரங்கை நிறுவினார். 2008இல் லண்டன் டால்ஸ்டன் பகுதியில் 'கபே ஓட்டோ' தொடங்கிற்று. அமெரிக்காவிற் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1971இற் பிறந்த விஜய் ஐயர் என்னும் பியானோக் கலைஞரும் இம்மரபின் வழிவந்தவரே; 2014இல் அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார்.

இத்தகைய மாலையொன்றுக்கு முதன்முறை போகிறவர் திகைப்பார். மேடையில் மூவரோ நால்வரோ வந்து அமர்வர். நிகழ்ச்சி நிரல் இல்லை. ஒருவர் சாக்ஸபோனில் சுரம் எழுப்பாமல் மூச்சுக்காற்றை மாத்திரம் செலுத்துவார். ஒருவர் பியானோவின் மூடியைத் திறந்து, தந்திகளைக் கையால் மீட்டுவார். சிலவேளை தந்திகளுக்கிடையே திருகாணியோ இறப்பர்த் துண்டோ செருகியிருக்கும். இன்னொருவர் கைத்தாளத்தின் விளிம்பை வயலின் வில்லால் உரசி நெடிய ஒலியொன்றை எழுப்புவார். பாட்டு எங்கே என்று தேடினாற் கிடைக்காது. அவர்கள் அங்கே செய்வது நெடிய உரையாடல். அதன் பேச்சுப்பொருளும் அந்த மேடையிலேயே பிறக்கிறது.

அங்கும் போலிகள் உண்டு. சலிப்பூட்டும் மாலைகளும் உண்டு. வல்லவரை எப்படி அறிவது? நான் எனக்கென வகுத்துக்கொண்ட நான்கு சோதனைகளை மாணவ அன்பர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் புதிதாக ஒன்றை எழுப்பும்போது மற்றவர் வாசிப்பு மாறுகிறதா? தொடக்கத்திற் கேட்ட ஒரு துணுக்கு, பிற்பகுதியில் வேறு உருவில் நினைவுகூரப்படுகிறதா? யாராவது வாசிக்காமல் இருக்கத் துணிகிறார்களா, மௌனத்துக்கு இடம் உண்டா? எவரும் சைகை காட்டாமலே எல்லாரும் ஒன்றாக முடிக்கிறார்களா? இந்நான்கும் உண்டெனில் அங்கே ஒழுங்கு உண்டு; நமக்குப் பழகாத ஒழுங்கு. இவை இல்லையெனில், எவ்வளவு பெரிய பெயர் சுவரொட்டியில் இருந்தாலும் அது இரைச்சலே.

இச்சோதனைகளிலெல்லாம் தேறியபின்பும், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நானும் சில உருப்படிகளில் இன்னும் பயன்படுத்துகிறேன்.

கோல்மனின் பிற்காலத்தைச் சொல்லாமல் விடுவது நன்றன்று. பேரும் பரபரப்பும் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. 1962க்குப் பின் சில ஆண்டுகள் மேடையை விட்டு ஒதுங்கினார். மீண்டும் வந்தபோது வயலினும் ட்ரம்பெட்டும் கற்றுக்கொண்டு வந்தார். 2007இல், தமது 77ஆம் வயதில், அமெரிக்காவின் மதிப்புமிக்க புலிற்சர் இசைப் பரிசைப் பெற்றார். வாத்தியத்தை உடைத்துத் தெருவில் எறிந்த அதே நாடு அந்த முதியவருக்கு மாலை சூட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. 2015 ஜூன் மாதம் 11ஆந் தேதி காலமானார்.

சென்ற கிழமை மருமகன் தொலைபேசியில் அழைத்தான். நான் என் தீர்ப்பை மீட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அவன் மகிழ்ந்து, "மாமா, அந்த உருப்படியின்ரை பேர் தெரியுமோ?" என்று கேட்டான். தெரியும். 'லோன்லி வுமன்', 'தனித்திருக்கும் பெண்' என்று சொல்லலாம். லொஸ் ஏஞ்சல்ஸில் கடையொன்றில் வேலை பார்த்த காலத்தில், கோல்மன் ஓர் ஓவியக் கூடத்தில் ஒரு படத்தைக் கண்டார். செல்வமெல்லாம் நிறைந்த பெண்ணொருத்தி, உலகிலேயே ஆற்றாத தனிமை முகத்தில் எழுதியிருக்க, அமர்ந்திருக்கும் படம். அந்த முகத்தை மறக்க முடியாமல் அவர் அமைத்த மெட்டு அது.

பெயரைப் படித்து அறிய எனக்கு ஒரு வாரமும் ஆறு முறை கேட்டலும் வேண்டியிருந்தன. பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஆச்சியோ, ஜாஸ் என்ற சொல்லின் பொருளும் அறியாமல், முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்: ஆரோ மனிசி ஒருத்தி குழறுகிறாள் என்று. அவரைப் பார்த்து அன்று நாங்கள் சிரித்தோம்.

இன்று மாலை அவரருகில் அமர்ந்து அந்த உருப்படியை மீண்டும் ஒலிக்கச் செய்தேன். பெயரைச் சொல்லவில்லை. கைவேலையை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டார். முடிந்தபின், "பாவம்" என்று ஒரு சொல் சொன்னார். சற்றுப் பொறுத்து, "இன்னொருக்கால் போடு, மோனை" என்றார்.